சிறு சிஎன்சி இயந்திரங்களில் மோட்டாருக்கேற்ற பவர் சப்ளை

வீட்டுப் பட்டறைகளிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் மரம், அக்ரிலிக், அலுமினியம் ஆகியவற்றைக் கணினிக் கட்டளைப்படி வெட்டவும் செதுக்கவும் பயன்படுபவை சிறு சிஎன்சி இயந்திரங்கள். அவற்றின் அச்சுகளைப் பெரும்பாலும் ஸ்டெப்பர் மோட்டார்கள் நகர்த்துகின்றன. சுவர் பிளக்கிலிருந்து மோட்டார் வரை மூன்று கருவிகள் வரிசையாக நிற்கின்றன: 230 வோல்ட் ஏசியை டிசியாக மாற்றும் பவர் சப்ளை, அந்த டிசியை அளந்து சுருள்களுக்குள் விடும் டிரைவர், கடைசியில் மோட்டார். இந்த மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருத்துவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இயந்திரம் கட்டுவோர் பலர் சட்டம், தண்டவாளம், மோட்டார் எல்லாம் வாங்கிய பிறகுதான் சப்ளையை நினைக்கிறார்கள். அது பிழை. 12 வோல்ட்டில் தவழும் அதே மோட்டார் 48 வோல்ட்டில் பாய்ந்து ஓடும். வேகம் போதவில்லை என்று பெரிய மோட்டார் வாங்குவதைவிட, இருக்கும் மோட்டாருக்குச் சரியான சப்ளை வாங்குவது பல நேரங்களில் மலிவு, பலனும் கூடுதல்.

மோட்டாரின் லேபிள்

சந்தையில் நெமா 17, நெமா 23 என்று விற்கப்படும் பெயர்கள் மோட்டாரின் வலிமையைச் சொல்வதில்லை. நெமா என்பது அமெரிக்க மின்சாதன உற்பத்தியாளர் சங்கத்தின் சுருக்கப்பெயர். அவர்கள் வகுத்த அளவுமுறையில் 17 என்றால் முகத்தட்டின் பக்கம் 1.7 அங்குலம் (சுமார் 42 மி.மீ.), 23 என்றால் 2.3 அங்குலம் (சுமார் 57 மி.மீ.). முகத்தட்டு ஒன்றாக இருக்கும் இரண்டு மோட்டார்களின் நீளமும், சுருளும், முறுக்குவிசையும் முற்றிலும் வேறாக இருக்கலாம். ஆகவே "நெமா 23-க்கு எத்தனை வோல்ட்?" என்ற கேள்விக்கு விடை கிடையாது. மோட்டாரின் தரவுத்தாளைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது.

கட்டுரை முழுவதற்கும் ஓர் எடுத்துக்காட்டாக, பரவலாகக் கிடைக்கும் 56 மி.மீ. நீள நெமா 23 மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிலைப்பிடி முறுக்குவிசை 1.26 நியூட்டன் மீட்டர். ஒரு சுருளுக்கு 2.8 ஆம்பியர், சுருளின் மின்தடை 0.9 ஓம்; மின்தூண்டல் எண் 2.5 மில்லிஹென்றி, ஒரு படிக்கு 1.8 பாகை, அதாவது ஒரு சுற்றுக்கு 200 படிகள்.

இதே தாளில் "2.5 வோல்ட்" என்றும் ஒரு வரி இருக்கும். புதிதாக வருபவர்களை அதிகம் குழப்புவது இந்த வரிதான். 2.8 ஆம்பியரை 0.9 ஓமால் பெருக்கினால் கிடைப்பதே அந்த 2.5; ஓம் விதியைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. நின்றுகொண்டிருக்கும் மோட்டாரின் சுருளில் 2.5 வோல்ட் கொடுத்தால் 2.8 ஆம்பியர் பாயும் என்பதே அதன் பொருள். மோட்டாருக்கு 2.5 வோல்ட் சப்ளை வாங்க வேண்டும் என்பதல்ல. இன்று பயன்படும் டிரைவர்கள் இதைப்போல் பத்து, இருபது மடங்கு வோல்ட்டை வாங்கிக்கொண்டு, சுருளில் பாயும் மின்னோட்டத்தை மட்டும் 2.8 ஆம்பியரில் நிறுத்துகின்றன. மோட்டாரை எரிப்பதும் காப்பதும் மின்னோட்டம். அதை எவ்வளவு விரைவாக ஓட வைக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது வோல்ட். இந்த ஒரு பிரிவினை மனத்தில் பதிந்துவிட்டால் மற்றவை எளிது.

சுருளுக்குள் மின்னோட்டம் ஏறும் நேரம்

இரும்பில் சுற்றிய சுருள் எதுவும் தன்னுள் மின்னோட்டம் திடீரென மாறுவதை எதிர்க்கும். அந்த எதிர்ப்பின் அளவே மின்தூண்டல் எண். மின்னோட்டம் ஏறும் வேகம், கொடுத்த வோல்ட்டைத் தூண்டலால் வகுத்தால் கிடைக்கும். மின்தடையைச் சற்று ஒதுக்கிவைத்து நம் மோட்டாருக்குக் கணக்கிட்டால், 2.8 ஆம்பியர் வரை ஏற 12 வோல்ட்டில் 0.58 மில்லிநொடி ஆகும். 24 வோல்ட்டில் 0.29, 36 வோல்ட்டில் 0.19, 48 வோல்ட்டில் 0.15.

இந்தச் சிறு நேரங்கள் ஏன் முக்கியம்? மோட்டார் நிமிடத்துக்கு 300 சுற்று சுழலும்போது ஒரு படிக்குக் கிடைப்பது 1 மில்லிநொடி. 600 சுற்றில் 0.5 மில்லிநொடி. 1,200 சுற்றில் 0.25 மில்லிநொடி. ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் பால் ஸ்க்ரூவில் இவை முறையே நிமிடத்துக்கு 1,500, 3,000, 6,000 மி.மீ. வேகங்கள். 12 வோல்ட் சப்ளை 600 சுற்றிலேயே தோற்றுவிடுகிறது: மின்னோட்டம் முழுதாக ஏறுமுன் படி முடிந்து, அடுத்த படி தொடங்கிவிடுகிறது. மின்னோட்டம் குறைந்தால் முறுக்குவிசை குறையும். முறுக்குவிசை குறைந்தால் வெட்டுமுனை மரத்தில் அழுந்தும் நொடியில் சுழலி பின்தங்கும். கணினிக்கு அது தெரியாது. அது தன் எண்ணிக்கையைத் தொடர்ந்துகொண்டே போகும். பாதி செதுக்கிய பலகை வீணாவது இப்படித்தான்.

உண்மை நிலை இந்தக் கணக்கைவிடக் கடினமானது. சுழலியில் நிலைக்காந்தம் இருப்பதால், சுழலும் ஸ்டெப்பர் ஒரு ஜெனரேட்டராகவும் வேலை செய்து எதிர் மின்னியக்கு விசையை உண்டாக்குகிறது. நம் மோட்டாரின் முறுக்குவிசையையும் மின்னோட்டத்தையும் கொண்டு மதிப்பிட்டால், 600 சுற்றில் அந்த எதிர்விசை 20 வோல்ட்டை நெருங்கும். 24 வோல்ட் சப்ளையில் மின்னோட்டத்தைத் தள்ளுவதற்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். 36 வோல்ட்டில் மிச்சம் 16. 48 வோல்ட்டில் 28. 24-இலிருந்து 36-க்குப் போகும் அந்த ஒரு படி, எண்ணில் பாதி உயர்வாகத் தெரிந்தாலும் இயந்திரத்தில் ஏன் அவ்வளவு பெரிய மாற்றமாகத் தெரிகிறது என்பதற்கு விளக்கம் இங்கே இருக்கிறது.

ஸ்டெப்பரின் முறுக்குவிசை வரைபடத்தைப் பார்த்தால் தொடக்கத்தில் ஏறத்தாழ மட்டமாக ஓடி, ஒரு திருப்பத்துக்குப் பிறகு வேகத்துக்கு எதிர்விகிதத்தில் சரிவது தெரியும். திருப்பம் வரும் வேகம் சப்ளை வோல்ட்டுக்கு நேர்விகிதம். வோல்ட்டை இரட்டித்தால் திருப்பம் இரு மடங்கு வேகத்தில் வரும். மோட்டாரிலிருந்து பெறக்கூடிய உச்சத் திறனும் இரட்டிக்கும். திருப்பத்துக்குக் கீழே, அதாவது மெதுவான வேகங்களில், வோல்ட்டைக் கூட்டுவதால் முறுக்குவிசை சிறிதும் கூடாது. நிமிடத்துக்கு 500 மி.மீ.-க்கு மேல் ஓடவே தேவையில்லாத இயந்திரத்துக்கு 24 வோல்ட்டே போதும் என்பதும் இதனால்தான்.

எதுவரை கூட்டலாம்

அப்படியென்றால் நூறு வோல்ட் கொடுத்துவிடலாமா? மோட்டாரின் இரும்பு அனுமதிக்காது. டிரைவர் மின்னோட்டத்தை ஒரு நொடியில் பல ஆயிரம் முறை விட்டுவிட்டு வெட்டும்போது, அதிக வோல்ட்டில் ஏற்றமும் இறக்கமும் பெரிதாகும். இரும்புத் தகடுகளில் சுழல் மின்னோட்டங்களும் காந்தத் தயக்க இழப்பும் வளர்ந்து, மோட்டார் நின்றுகொண்டிருக்கும்போதே சுடத் தொடங்கும்.

இந்த எல்லைக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. அமெரிக்காவில் கெக்கோடிரைவ் நிறுவனத்தை நிறுவிய மாரிஸ் ஃப்ரைமானிஸ் பரப்பியது அது: மில்லிஹென்றியில் சொன்ன தூண்டலின் வர்க்கமூலத்தை 32-ஆல் பெருக்கு. வருவது சப்ளை வோல்ட்டின் உச்சம். 1 மில்லிஹென்றிக்கு 32 வோல்ட். நம் மோட்டாரின் 2.5-க்குச் சுமார் 50. 4 மில்லிஹென்றிக்கு 64. இந்த எண்ணை எட்டியே ஆக வேண்டிய இலக்காகக் கொள்பவர்கள் இருக்கிறார்கள். அது தேவையில்லை. அதற்கு மேல் போனால் பலனைவிடச் சூடு அதிகம் என்று சொல்லும் வேலிதான் அது. வேலிக்கு உள்ளே எங்கே நிற்பது என்பதை இயந்திரத்துக்கு வேண்டிய வேகம் முடிவு செய்யட்டும்.

இந்தக் கணக்கிலிருந்து மோட்டார் வாங்குவோர்க்கு ஒரு பாடமும் கிடைக்கிறது. ஒரே அளவு, ஒரே முறுக்குவிசை என்றால் தூண்டல் குறைவாக உள்ளதை எடுங்கள். மின்னோட்டம் சற்று அதிகம் கேட்டாலும் சாதாரண சப்ளையிலேயே விரைந்து ஓடும். எட்டு வயர் மோட்டார்களில் இந்தத் தேர்வு நம் கையிலேயே இருக்கிறது: சுருள் பாதிகளைத் தொடராக இணைத்தால், பக்க இணைப்பில் இருப்பதைப்போல் நான்கு மடங்கு தூண்டல், பாதி மின்னோட்டம். மெதுவான, சின்ன டிரைவர் உள்ள இயந்திரத்துக்குத் தொடர் இணைப்பு; வேகத்துக்குப் பக்க இணைப்பு.

டிரைவர் போடும் எல்லை

மோட்டார் 50 வோல்ட் வரை தாங்கும் என்று கணக்கு சொன்னாலும், அங்கே போகுமுன் பெரும்பாலும் டிரைவர் வழிமறிக்கும். ஆலெக்ரோவின் ஏ4988 சிப்புக்கு எல்லை 35 வோல்ட். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஆர்வி8825-க்கு 45. சத்தமில்லாமல் ஓடுவதற்காகப் பலரும் விரும்பும் டிஎம்சி2209-க்கு 29 மட்டுமே. தோஷிபாவின் டிபி6600-க்கு 42. லெட்ஷைனின் டிஎம்542 போன்ற உலோகப் பெட்டி டிரைவர்கள் 20 முதல் 50 வோல்ட் வரை ஏற்று, 4.2 ஆம்பியர் உச்சம் வரை தருகின்றன.

ஆர்டுயினோ ஊனோ மேல் செருகும் சிஎன்சி ஷீல்டு பலகையில் "12-36 வோல்ட்" என்று அச்சிட்டிருக்கும். அது பலகைக்கான எண். அதன்மேல் ஏ4988-ஐயோ டிஎம்சி2209-ஐயோ செருகி 36 வோல்ட் கொடுத்தால் சிப் தாங்காது. பலகையில் உள்ள எண்ணை நம்பி டிரைவர்களைப் புகைய விட்டவர்கள் ஏராளம். சங்கிலியில் மிகப் பலவீனமான கண்ணி எது என்று ஒவ்வொரு கருவியின் தாளையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். டிபி6600 என்ற பெயரில் விற்கும் மலிவுப் பெட்டிகள் பலவற்றினுள்ளே வேறு சிப் இருப்பதும் உண்டு; அவற்றுக்கு 36 வோல்ட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்பதும் ஆபத்து. 12 வோல்ட் சப்ளையில்கூட, ஏ4988 பலகைக்கு மின்சாரம் வரும் கணத்தில் நீண்ட வயரின் தூண்டலும் பலகையிலுள்ள சிறு செராமிக் மின்தேக்கியும் சேர்ந்து ஊசலாடி, 35-ஐத் தாண்டும் கூர்முனையை உண்டாக்கக் கூடும். டிரைவரின் காலருகிலேயே 47 அல்லது 100 மைக்ரோபாரட் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி வைப்பது இதற்காக. விலை சில ரூபாய். அதை விட்டுவிட்டு டிரைவர் சிப்பின் தரத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

மின்னோட்டத்தை அமைப்பதும் டிரைவரில்தான். ஏ4988-இல் ஒரு சிறு திருகைத் திருப்பி வீரெஃப் என்ற வோல்ட்டை அளக்கிறோம். மின்னோட்டத்தை அளக்கும் உணர்தடை 0.1 ஓம் என்றால் 1 ஆம்பியருக்கு 0.8 வோல்ட். 0.05, 0.068 ஓம் தடைகள் பொருத்திய பலகைகளும் புழங்குவதால், தடையின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்த பின்பே கணக்கிட வேண்டும். பெட்டி டிரைவர்களில் பக்கவாட்டுச் சுவிட்சுகளே இந்த வேலையைச் செய்கின்றன.

ஆம்பியர் கணக்கு

நான்கு மோட்டார், ஒவ்வொன்றிலும் இரண்டு சுருள், சுருளுக்கு 2.8 ஆம்பியர், பெருக்கினால் 22.4. எனவே 22 ஆம்பியர் சப்ளை வேண்டும் என்று நினைப்பது இயல்பான தவறு. ஒரு சுருளை மட்டும் கணக்கில் எடுத்து 11.2 என்று சொல்வோரும் உண்டு. இரண்டும் சரியல்ல. காரணம், டிரைவர் ஒரு மாற்றி: அதிக வோல்ட், குறைந்த ஆம்பியராக வாங்கி, குறைந்த வோல்ட், அதிக ஆம்பியராகச் சுருளுக்குக் கொடுக்கிறது. சமமாக இருப்பது ஆம்பியர் அல்ல, வாட்.

ஓர் அளவீட்டால் இதை நேரில் பார்க்கலாம். நம் மோட்டார் நின்ற நிலையில் இரு சுருள்களிலும் 2.8 ஆம்பியர் பாய்கிறது என்று வைப்போம். செலவாவது சுருள்களின் சூடு மட்டும்: 2.8-இன் வர்க்கத்தை 0.9-ஆல் பெருக்கி இரட்டித்தால் 14 வாட். 36 வோல்ட் சப்ளையிலிருந்து இதற்கு இழுக்கப்படுவது 0.4 ஆம்பியர், டிரைவரின் சொந்தச் செலவைச் சேர்த்தாலும் அரை ஆம்பியர் அளவுதான். சுருள்களில் மொத்தம் 5.6 ஆம்பியர் ஓட, சப்ளை வயரில் அம்மீட்டர் 0.5-ஐக் காட்டும். நிற்கும்போது மின்னோட்டத்தைப் பாதியாக்கும் வசதியை டிரைவரில் இயக்கினால் சுருளின் சூடு நான்கில் ஒன்றாகிவிடும்.

ஓடும்போது இதனுடன் இயந்திர வேலை சேர்கிறது. 600 சுற்றில் 0.7 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் அது 44 வாட். சுருளின் சூட்டைக் கூட்டினால் 58; டிரைவரும் இரும்பும் விழுங்குவதைச் சேர்த்து 65 வாட் என்று கொள்ளலாம். 36 வோல்ட்டில் 1.8 ஆம்பியர்.

ஒரு மோட்டாருக்கு அதன் சுருள் மின்னோட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு சப்ளையில் இருந்தால் போதும் என்ற பழைய விதி இதனோடு ஒத்துப்போகிறது. 2.8-இல் மூன்றில் இரண்டு 1.87. நான்கு மோட்டாருக்கு 7.5 ஆம்பியர், 36 வோல்ட்டில் 270 வாட். நான்கும் ஒரே கணத்தில் முழுச் சுமை இழுப்பது அரிது என்பதால் இது தாராளமான கணக்குதான். தொடர்ந்து ஓடும் எஸ்எம்பிஎஸ் எனும் சுவிட்ச் முறைச் சப்ளையை அதன் அளவில் எண்பது விழுக்காட்டுக்குள் வைத்திருப்பது நல்ல பழக்கம். ஆக, 350 வாட் சப்ளை பொருந்தும். தைவானின் மீன்வெல் நிறுவனத்தின் எல்ஆர்எஸ்-350 வரிசையில் 36 வோல்ட் மாடல் 9.7 ஆம்பியர், 48 வோல்ட் மாடல் 7.3, 24 வோல்ட் மாடல் 14.6 ஆம்பியர் தருகின்றன. மூன்றும் அதே 350 வாட்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். 24 வோல்ட் மாடலின் 14.6 என்ற எண் பெரிதாகத் தெரிவதால் அதை வாங்குவது, தேவைப்படாத ஆம்பியருக்குப் பணம் கொடுத்து, தேவைப்படும் வேகத்தை இழப்பது.

சப்ளையின் ஆம்பியர் கூடுதலாக இருந்தால் மோட்டார் எரியுமா என்ற அச்சம் வேண்டாம். டிரைவர் கேட்பதை மட்டுமே சப்ளை தரும். குறைவாக இருந்தால்தான் தொல்லை. கூர்மையான முடுக்கத்தின்போது வோல்ட் சரிந்தோ பாதுகாப்புச் சுற்று துண்டித்தோ வேலை நடுவில் நிற்கும்.

வெட்டுவதற்கு அச்சு மோட்டார் செலவிடும் திறன் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. 100 நியூட்டன் விசையை எதிர்த்து நிமிடத்துக்கு 3,000 மி.மீ. வேகத்தில் நகர 5 வாட் போதும். மீதியெல்லாம் உராய்வுக்கும், முடுக்கத்துக்கும், சூட்டுக்கும் போகிறது. மரத்தை அறுக்கும் திறன் ஸ்பிண்டிலில் இருந்து வருகிறது.

12 வோல்ட் வந்த வழி

இத்தனைக்குப் பிறகும் பல பெட்டித் தொகுப்புகள் 12 வோல்ட் சப்ளையோடு வருவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2005-இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் பௌயர் தொடங்கிய ரெப்ராப் திட்டம், தானே தன் பாகங்களை அச்சிடும் முப்பரிமாண அச்சு இயந்திரத்தைப் பொதுவுடைமையாக்கியது. அதைக் கட்டியவர்கள் கையில் பழைய கணினிகளின் ஏடிஎக்ஸ் சப்ளைகள் கிடந்தன. அவற்றில் 12 வோல்ட் கிடைத்தது. எடை குறைந்த அச்சுத்தலையைப் பல்பட்டையால் இழுக்க அது போதுமானதாகவும் இருந்தது. 2009-இல் நார்வேயின் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் வெளியிட்ட கிர்பிள் மென்பொருள், ஆர்டுயினோவையே சிஎன்சி கட்டுப்படுத்தியாக மாற்றியது. அச்சு இயந்திர உலகின் மலிவான சிறு டிரைவர்கள் அப்படியே இந்தப் பக்கம் வந்தன. 12 வோல்ட் பழக்கமும் கூடவே வந்தது. திருகுத்தண்டைச் சுழற்றி உலோகச் சட்டத்தை நகர்த்தும் இயந்திரத்துக்கு அது ஏற்றதல்ல. அச்சு இயந்திரங்களே இன்று பெருமளவு 24 வோல்ட்டுக்கு மாறிவிட்டன.

எஸ்எம்பிஎஸ்ஸும் டிரான்ஸ்ஃபார்மரும்

சுவிட்ச் முறையில் இயங்கும் எஸ்எம்பிஎஸ் இலேசானது, மலிவானது. சுவர் மின்சாரம் ஏறி இறங்கினாலும் வெளியீடு அசையாது. இன்று பெரும்பாலோர் இதையே வாங்குகிறார்கள், அது சரியும்கூட. வாங்கியவுடன் பார்க்க வேண்டியது பக்கவாட்டில் உள்ள சிவப்புச் சுவிட்ச். பல மாடல்களில் 115, 230 என்று இரு நிலைகள் உண்டு. 115-இல் விட்டு 230 வோல்ட்டைக் கொடுத்தால் அந்த நொடியே உள்ளே வெடிக்கும். வெளியீட்டைச் சற்றே கூட்டிக் குறைக்கும் திருகும் இருக்கும். 50 வோல்ட் எல்லையுள்ள டிரைவருக்கு 48 வோல்ட் சப்ளை வாங்கினால், அந்தத் திருகால் 44 அல்லது 45-க்குக் குறைத்துவிட்டு இணைப்பது அறிவுடைமை. காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ் ரெக்டிஃபையர், பெரிய மின்தேக்கி என்று கையால் கட்டும் பழைய வகைக்கு இன்றும் ஆதரவாளர்கள் உண்டு. கணநேர உச்சச் சுமையை அது பதறாமல் தாங்கும். மோட்டாரிலிருந்து திரும்பி வருவதை விழுங்கிக்கொள்ளும். ஆனால் வோல்ட் கணக்கில் கவனம் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரின் ஏசி வோல்ட்டை 1.414-ஆல் பெருக்கி டயோடுகளுக்காக ஒன்றரை வோல்ட் கழித்தால் டிசி வரும். 35 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் 48 தரும். சுவரில் 230-க்குப் பதில் 253 வந்தால் அதுவே 53 ஆகிவிடும். சுமையில்லாதபோது டிரான்ஸ்ஃபார்மரே தன் பெயரளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தரும். மின்னழுத்தம் அலைபாயும் ஊர்களில் 50 வோல்ட் டிரைவருக்கு 30 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்தான் சரி. அது 41 வோல்ட் டிசி தரும்.

மின்தேக்கியின் அளவுக்கு அமெரிக்க ஏடுகளில் 80,000 என்ற எண் புழங்குகிறது: அதை ஆம்பியரால் பெருக்கி வோல்ட்டால் வகுத்தால் மைக்ரோபாரட் கிடைக்கும். அந்த எண் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானது. இந்தியாவிலும் இலங்கையிலும் 50 ஹெர்ட்ஸ் என்பதால் துடிப்புகளுக்கு இடையே இடைவெளி நீளம். அதே பத்து விழுக்காட்டு அலைவுக்கு 1,00,000 என்று எடுக்க வேண்டும். 7.5 ஆம்பியர், 41 வோல்ட்டுக்கு 18,300 மைக்ரோபாரட் வருகிறது; கடையில் கிடைக்கும் 22,000 மைக்ரோபாரட், 63 வோல்ட் மின்தேக்கி பொருந்தும். சுவிட்சை அணைத்த பிறகும் அதில் 18 ஜூல் ஆற்றல் காத்திருக்கும். 2.2 கிலோ ஓம், 2 வாட் தடை ஒன்றைக் குறுக்கே நிரந்தரமாக வைத்தால் சில நிமிடங்களில் வடிந்துவிடும். இதைப் போடாமல் பெட்டியை மூடக் கூடாது.

திரும்பி வரும் மின்சாரம்

வேகமாக ஓடும் அச்சு நிற்கும்போது அதன் இயக்க ஆற்றல் எங்காவது போக வேண்டும். ஒரு பகுதி உராய்விலும் சுருள் சூட்டிலும் கரைகிறது. மீதியை மோட்டார் ஜெனரேட்டராகி சப்ளையை நோக்கித் தள்ளுகிறது. எஸ்எம்பிஎஸ் கொடுக்கத் தெரிந்த கருவி, வாங்கத் தெரியாது. எனவே டிசி வயரில் வோல்ட் ஏறுகிறது. டிரைவர் எல்லையில் நின்றிருந்தால் அங்கேயே போகும். இல்லையேல் சப்ளையின் மிகையழுத்தக் காப்பு துண்டித்து இயந்திரம் நிற்கும்.

இந்த ஆற்றல் எதில் தங்கியிருக்கிறது என்று பார்த்தால் எதிர்பாராத விடை வருகிறது. 20 கிலோ எடையுள்ள சட்டம் நிமிடத்துக்கு 6,000 மி.மீ. வேகத்தில் நகரும்போது அதில் இருப்பது வெறும் 0.1 ஜூல். அதை நகர்த்த 1,200 சுற்றில் சுழலும், 16 மி.மீ. விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள திருகுத்தண்டிலும் மோட்டாரின் சுழலியிலும் சேர்ந்து 0.6 ஜூல் இருக்கிறது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் சட்டத்தைவிட மெல்லிய தண்டும் சுழலியும் சேர்ந்து ஆறு மடங்கு ஆற்றலைச் சுமக்கின்றன. தேவைக்கு மேல் தடித்த ஸ்க்ரூ வாங்குவோர் இதை யோசிக்க வேண்டும்.

சிறு இயந்திரங்களில் டிசி வயரின் குறுக்கே சில ஆயிரம் மைக்ரோபாரட் மின்தேக்கி வைத்தால் ஏற்றம் அடங்கும். மிகப் பெரியதை வைத்தால் எஸ்எம்பிஎஸ் அதைக் குறுக்குச்சுற்று என்று நினைத்துக் கிளம்பாமல் போகலாம். மின்சாரம் இல்லாதபோது சட்டத்தைக் கையால் வேகமாகத் தள்ளினாலும் இதே விளைவுதான்: டிரைவரின் விளக்கு மினுக்குவதைப் பார்க்கலாம். மெதுவாகத் தள்ளுவது நல்லது.

வயரிங்

ஒவ்வொரு டிரைவருக்கும் சப்ளையிலிருந்து தனி ஜோடி வயர் போக வேண்டும். ஒரு டிரைவரிலிருந்து அடுத்ததற்குத் தொடுத்துக்கொண்டு போனால், ஒன்றின் இரைச்சல் மற்றதில் இறங்கும். போகும் வயரையும் வரும் வயரையும் முறுக்கி ஓட்ட வேண்டும். ஆன்-ஆஃப் சுவிட்சை ஏசி பக்கம் வையுங்கள். சப்ளைக்கும் டிரைவருக்கும் நடுவே வைத்தால் ஒவ்வொரு முறையும் மின்தேக்கிகள் திடீரென நிரம்பும் பாய்ச்சலில் சுவிட்சின் முனைகள் தீயும், டிரைவரும் அதிரும். ஓடும் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்குவது டிரைவரைக் கொல்லும் உறுதியான வழி: சுருளில் இருந்த மின்னோட்டம் போக இடமின்றி உயர்வோல்ட்டாக எழும்பும். சப்ளையின் உலோகப் பெட்டிக்கும் இயந்திரச் சட்டத்துக்கும் எர்த் கட்டாயம். மரத்தூள் பறக்கும் இடத்தில் சப்ளையின் விசிறிக்கு வடிகட்டி வைத்துக் காற்றோட்டமும் விட வேண்டும்.

ஸ்பிண்டிலும் சர்வோவும்

வெட்டுமுனையைச் சுழற்றும் ஸ்பிண்டிலுக்குத் தனிச் சப்ளை இருப்பதே முறை. 3018 என்ற பெயரில் வரும் மேசைச் செதுக்கிகளில் 775 வகை டிசி மோட்டாரும் அச்சு மோட்டார்களும் ஒரே 24 வோல்ட் சப்ளையைப் பகிர்ந்துகொள்கின்றன. முனை மரத்தில் சிக்கும்போது ஸ்பிண்டில் தன் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் பல மடங்கு இழுக்கும். அந்தச் சரிவில் அச்சுகளும் படி தவறும். பிரஷ்களின் தீப்பொறி இரைச்சல் வேறு. 1.5, 2.2 கிலோவாட் ஏசி ஸ்பிண்டில்கள் விஎஃப்டி எனும் அதிர்வெண் மாற்றி வழியே நேராகச் சுவர் மின்சாரத்தில் ஓடுவதால் இந்தச் சிக்கல் அவற்றுக்கு இல்லை. அவற்றின் வயர்களைச் சிக்னல் வயர்களிலிருந்து தள்ளி வைத்தால் சரி.

சர்வோ மோட்டாரில் கணக்கு மாறும். ஸ்டெப்பர் நின்றாலும் ஓடினாலும் மின்னோட்டம் இழுக்கும். சர்வோ சுமைக்கேற்ப மட்டும் இழுக்கும், ஆனால் உச்சத்தில் சராசரியைப்போல் மூன்று நான்கு மடங்கு கேட்கும். எனவே சப்ளைக்கு உச்சம் தாங்கும் மின்தேக்கியும், திரும்பி வரும் ஆற்றலை எரிக்கும் தடைச் சுற்றும் வேண்டும்.

பொருத்தம் தவறியதன் அறிகுறிகள்

மெதுவாக நன்றாக வெட்டி, விரைவு நகர்வில் மட்டும் படி தவறினால் வோல்ட் போதவில்லை. மெதுவாக ஓடும்போதே முனை அழுந்தியதும் தவறினால் டிரைவரில் மின்னோட்டம் குறைவாக அமைந்திருக்கிறது, அல்லது மோட்டாரே சிறியது. சப்ளையை மாற்றிப் பயனில்லை. நான்கு அச்சும் சேர்ந்து கிளம்பும்போது மட்டும் சப்ளையின் விளக்கு மங்கினால் வாட் போதவில்லை. வேகமாக ஓடிச் சட்டென நிற்கும்போது துண்டித்தால் திரும்பி வரும் ஆற்றல். நிற்கும்போதே மோட்டார் கொதித்தால் மின்னோட்டம் அதிகம், அல்லது அந்தத் தூண்டலுக்கு வோல்ட் அதிகம்.

கைவைக்க முடியாத சூடு என்றாலே பழுது என்று கொள்ள வேண்டாம். ஸ்டெப்பர்களின் காப்பு பெரும்பாலும் 130 பாகை செல்சியஸ் வரையிலான பி வகுப்பைச் சேர்ந்தது. வெளிக்கூடு 60, 70 பாகையில் இருப்பது வழக்கம். புதுச் சப்ளையை இணைக்குமுன் டிரைவர்களைக் கழற்றிவைத்து, மல்டிமீட்டரால் வெளியீட்டையும் துருவங்களையும் பார்த்து, பிறகு ஒரு டிரைவர், ஒரு மோட்டார் மட்டும் இணைத்து ஓட்டிப் பார்ப்பது பத்து நிமிட வேலை. கூட்டல் கழித்தல் மாறிப்போனால் டிரைவருக்கு அந்த ஒரு நொடி போதும்.